கார் ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்?

கரடியூர், ஏற்காடு பக்கம் கார் வாங்குறவங்க மைலேஜுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மலை ஏறுமா, பாதியில நிக்காம இருக்குமா?" சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. நடுவில் நின்றால் மெக்கானிக் கீழேயிருந்துதான் வரணும். இதற்கு இணையத்தில் கிடைக்கும் ரிலையபிலிட்டி ரேட்டிங் பதில் சொல்லுமா? கொஞ்சம் சொல்லும். எவ்வளவு கொஞ்சம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2023 அக்டோபரில் வந்த பாரத் என்கேப் தரும் ஸ்டார்கள் விபத்துப் பாதுகாப்புக்கானவை. ஐந்து ஸ்டார் வண்டியும் கிளட்ச் போய் நிற்கலாம்.

உழைப்பை அளப்பது வேறு கணக்கு. ஜே.டி. பவர் போன்றவர்கள் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் இதன் ஆரம்பத் தர ஆய்வு முதல் 90 நாளை மட்டும் பார்க்கிறது. மூன்று வருட வண்டிகளுக்குத் தனி ஆய்வு உண்டு. நாம் பெரும்பாலும் பழைய வண்டிதான் வாங்குகிறோம்; 90 நாள் கணக்கு நமக்கு எதற்கு? இன்னொன்று, இந்த எண்ணிக்கையில் புளூடூத் இணையாததும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் உடைந்ததும் ஒரு பிரச்சினை.

சரி, எண்களைப் பார்ப்போம். ஒரு மாடலுக்கு 180, இன்னொன்றுக்கு 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலா 100 பேரைத்தான் கேட்டிருந்தால், தற்செயலாலேயே இரண்டுக்கும் நடுவில் 18 வரை வித்தியாசம் சாதாரணமாக வரும். அதனால் 20 என்ற இடைவெளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலா 1000 பேரைக் கேட்டிருந்தால் அந்த வித்தியாசம் நிஜம்தான். ஆனாலும் அதன் அர்த்தம், ஒரு வண்டிக்கு 0.2 பிரச்சினை அதிகம், அவ்வளவே. ரேங்க் பட்டியலில் இதுவே பத்து இடம் தள்ளிவிடும். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று போடாத பட்டியலை நம்பாதீங்க.

பேட்ஜும் ஏமாற்றும். 2019-ல் வந்த டொயோட்டா கிளான்சா, மாருதி சுசுகி தயாரித்துக் கொடுக்கும் பலேனோதான். இரண்டுக்கும் வேறு வேறு மதிப்பெண் வந்தால், அதில் பெரும்பங்கு வாங்கினவர் எதிர்பார்ப்பும் சர்வீஸ் அனுபவமும்தான்.

கருத்துக் கேட்காமல் அளக்க வழி இல்லையா? ஜெர்மனியில் உண்டு. அங்கே புது கார் மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போகணும். எந்த மாடலில் எத்தனை சதவீதம் பெரிய குறையோடு வந்தது என்று டியுவி வெளியிடுகிறது. அதிலும் அதிகம் ஓடின வண்டி மோசமாகத் தெரியும். ஆனால் பார்ப்பது மெக்கானிக்கின் கண். நம்ம ஊரில் மஞ்சள் போர்டு வண்டிக்குத்தான் அடிக்கடி எஃப்சி. சொந்த கார் 15 வருடம் வரை அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. அதனால் அப்படி ஒரு தகவலே இங்கு சேர்வதில்லை.

மலைக்கு இன்னொரு சிக்கல். ரேட்டிங் என்பது எல்லா ஊர் ஓட்டத்தின் சராசரி. இங்கே தேய்வது கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன், சூடாவது இன்ஜின். அதோடு, பழுதாகாத வண்டி வேறு, பழுதானால் உடனே சரிசெய்ய முடிகிற வண்டி வேறு. எஸ்டேட்களில் பழைய ஜீப்புகள் இன்னும் ஓடுவது இரண்டாவது காரணத்தால். அதற்கு எந்தப் பட்டியலிலும் மார்க் கிடையாது.

அப்போ என்ன செய்யலாம்? ரேட்டிங்கை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள். பல வருடம் தொடர்ந்து அடிமட்டத்தில் இருக்கும் மாடலை ஒதுக்குங்கள். நடுவில் இருப்பவற்றின் வரிசையை மறந்துவிடுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து ரீகால் இருக்கா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். கடைசியாக, வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். இரண்டாவது கியரில் இறக்கி வந்து பிரேக் பெடல் மெத்துன்னு போகுதா என்று பாருங்கள். நீங்கள் வாங்கப்போவது சராசரியை இல்லை, அந்த ஒரு வண்டியை.