வயர் பொருந்தியும் படம் வராதது ஏன்?

மொன்றியலில் யூலை முதலாம் திகதி வீடு மாறும் நாள். அன்று தெருவோரங்களில் கிடக்கும் சாமான்களைக் கண்டால் புதிதாக வந்த எங்களுக்கு மனம் கேட்காது. மெத்தை, சோபாவை மட்டும் தொடவேண்டாம், மூட்டைப்பூச்சியும் கூடவே வரும். எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா குடும்பமும் அப்படித்தான் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவொன்றில் இருந்து ஒரு பெரிய ரி.வி.யைத் தூக்கி வந்தது. பழையது, ஆனால் கீறல் இல்லை. மின்சாரம் கொடுத்ததும் எரிந்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

ஓகஸ்டில் அக்காவின் தகப்பனார் கிளிநொச்சியில் காலமாகிவிட்டார். அகதி விண்ணப்பம் முடியாத நிலையில் ஊருக்குப் போவது எப்படி? செத்த வீட்டை யூரியூப்பில் நேரடியாகக் காட்டுவதாகச் சகோதரர்கள் சொன்னார்கள். அங்கே காலை பத்து மணி என்றால் கோடையில் இங்கே நடுச்சாமம் பன்னிரண்டரை. உறவினர்களும் அயலவர்களுமாகப் பதினொரு பேர் கூடியிருந்தோம்.

"தம்பி, நீர் வயர் வேலை செய்யிற ஆள்தானே, ஒருக்கா இதைப் பூட்டிவிடும்" என்றா அக்கா.

உண்மைதான். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வயர்களுக்கு முனை பூட்டுவதுதான் என் வேலை. ஓ.எல். வரை படித்தவன். ஆனாலும் பூட்டத் தெரியும் என்ற துணிவு இருந்தது. ரி.வி.யில் இருந்தது டி.வி.ஐ. என்னும் பழைய அகன்ற சொக்கற், இரண்டு பக்கமும் திருகாணி வைத்தது. அவர்கள் புதிதாக வாங்கியிருந்த படப் பெட்டியில் இருந்தது எச்.டி.எம்.ஐ. இரண்டையும் இணைக்கும் அடப்ரர் என் வீட்டில் கிடந்தது. கொண்டுவந்து பூட்டினேன். அளவாகப் பொருந்தியது. ஆனால் திரை கறுப்பு. பிறகு 'எச்.டி.சி.பி. இல்லை' என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வயர் பழுது என்று நினைத்து மூன்று வயர் மாற்றினேன். கடைகள் எல்லாம் பூட்டி. பன்னிரண்டரையும் ஆகிவிட்டது.

கடைசியில் கைத்தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து அந்தச் சின்னத் திரையைப் பதினொரு பேரும் பார்த்தோம். பெட்டி எடுக்கும் நேரம் அக்கா எழுந்து நின்று, "எனக்கு முகம் தெரியுதில்லை" என்றா. ஒருவரும் பேசவில்லை. நான் அடப்ரரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். வயரும் பழுதில்லை, ரி.வி.யும் பழுதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

டி.வி.ஐ. 1999ம் ஆண்டு வந்தது. இன்டெல், கொம்பாக், ஐ.பி.எம். போன்ற கொம்பியூட்டர் கொம்பனிகள் சேர்ந்து செய்தது. (கொம்பியூட்டர் படத்துக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பில்லை என்று நினைக்கவேண்டாம். நாங்கள் விமானத்தில் வந்திறங்கிய அதே டோர்வலில் 1976ல் தொடங்கிய மட்றொக்ஸ் கொம்பனி, 1999ல் ஒரே அட்டையால் இரண்டு திரைகளை ஓட்டும் ஜி400 என்ற அட்டையை வெளியிட்டது.) டி.வி.ஐ. கொம்பியூட்டர் திரைக்காகச் செய்யப்பட்டதால் அதன் விதிமுறையில் சத்தத்துக்கு இடமே இல்லை. படம் மட்டும்தான் போகும்.

2002 டிசம்பரில் சொனி, பிலிப்ஸ், ஹிற்றாச்சி, தொஷிபா முதலிய கொம்பனிகள் எச்.டி.எம்.ஐ.யை வெளியிட்டன. 19 ஊசிகள் கொண்ட சின்ன முனை, படமும் சத்தமும் ஒரே வயரில். படத்தை அனுப்பும் முறை இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் உள்ளே ஒரு சில்லும் இல்லாத மலிவான அடப்ரரே போதும். பொருந்திவிட்டு, படம் வந்து, சத்தம் வராவிட்டால் நீங்கள் ஒன்றையும் உடைக்கவில்லை. சத்தத்தை வேறு வழியால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எங்களுக்குப் படமே வரவில்லையே? அதற்குக் காரணம் எச்.டி.சி.பி. என்னும் பூட்டு. இதுவும் இன்டெல் செய்ததுதான். படத்தை யாரும் கொப்பி அடிக்கக்கூடாது என்று படக் கொம்பனிகளுக்காக வந்தது. வவுனியாவில் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. படம் அனுப்பும் பெட்டி முதலில் ரி.வி.யிடம் அடையாள அட்டை கேட்கும். அட்டை இருந்தால் பாதை திறக்கும். பழைய டி.வி.ஐ. திரைகள் பலவற்றில் அந்த அட்டையே இல்லை. அப்போது திரை கறுப்பாகும், அல்லது எங்களுக்கு வந்தது போல ஒரு வரி வரும். 2010 செப்டம்பரில் இந்தப் பூட்டின் மூலச் சாவி வெளியே கசிந்துவிட்டது. ஆகவே களவாகக் கொப்பி அடிப்பவனுக்குச் சாவி கிடைத்தது. காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவன்தான் இன்னும் சாவடியில் நிற்கிறான்.

எல்லாக் கருவியும் எல்லாவற்றுக்கும் அட்டை கேட்பதில்லை. லப்டொப்பில் யூரியூப் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதற்கு இந்தப் பூட்டுத் தேவையில்லை. அக்காவின் மகன் செஜெப்பில் படிக்கிறான். அவனுடைய லப்டொப் அன்றிரவு முழுவதும் அதே மேசையில், ரி.வி.யில் இருந்து நாலு அடி தூரத்தில் இருந்தது. அதே அடப்ரரால் அதைப் பூட்டியிருந்தால் படம் ரி.வி.யில் வந்திருக்கும், சத்தம் லப்டொப்பில் கேட்டிருக்கும். இதை நினைத்தால் இன்னும் எனக்கு நித்திரை குழம்பும்.

முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல என்பது எச்.டி.எம்.ஐ.க்குள்ளேயே உண்டு. 2009ல் வந்த 1.4 ஒரு செக்கனுக்கு 10.2 கிகாபிற் கொண்டுபோகும். 2013ல் வந்த 2.0 கொண்டுபோவது 18. 2017ல் வந்த 2.1 கொண்டுபோவது 48. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே சொக்கற்தான். புதியதையும் பழையதையும் இணைத்தால் பொதுவாகப் பழையதன் அளவுக்குப் புதியது இறங்கி வரும், படம் வரும். பூட்டில்தான் சிக்கல். 4கே படங்களுக்கு 2.2 என்ற புதிய பூட்டு வேண்டும். முதன்முதலில் வந்த 4கே ரி.வி.க்களில் அது இல்லை. இப்போது அவை பழைய சாமானாக மலிவாக விற்கப்படுகின்றன. '4கே' என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம். சில ரி.வி.க்களில் நாலு சொக்கற் இருந்தாலும் ஒன்றில் மட்டுமே இந்த வசதி இருக்கும். ஒன்றில் வராவிட்டால் மற்றதில் பூட்டிப் பாருங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு கருவியின் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அடப்ரர்கள் பல ஒருவழிப் பாதை. பெட்டியில் 'ஒந்த்ரே' என்று பிரெஞ்சில் இருப்பது உள்ளே வருவது, 'சோர்த்தி' என்பது வெளியே போவது. மாறி வாங்கினால் காசு வீண். பதினைந்து ஊசி கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. இன்னும் பழையது. எச்.டி.எம்.ஐ.யில் இருந்து அதற்குப் போக உள்ளே சில்லு வைத்த மாற்றி வேண்டும், வெறும் வயர் வேலை செய்யாது. கைத்தொலைபேசியின் யூ.எஸ்.பி.-சி துவாரத்தில் எல்லாப் போனுக்கும் படம் வராது, சிலதுக்குச் சார்ஜ் மட்டும்தான். கியூபெக்கில் கடையில் வாங்கிய சாமானை மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் ஏற்கவேண்டும் என்று கடைக்காரருக்குச் சட்டம் இல்லை. வாங்கும் முன்பே திருப்பி எடுப்பீர்களா என்று கேளுங்கள், பில்லை எறியாதீர்கள்.

இந்தக் கரைச்சல் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 80களிலும் 90களிலும் வந்த அண்ணைமார் ஊரில் இருந்து கலியாணக் கசெற் கொண்டுவந்து இங்குள்ள டெக்கில் போட்டால் படம் உருண்டு ஓடுமாம். இலங்கையில் பால் முறை, 625 கோடு. இங்கே என்.ரி.எஸ்.சி., 525 கோடு. கசெற்றின் அளவோ ஒன்றுதான். மாற்றிக் கொடுக்கும் கடைக்குக் காசு கட்டித்தான் தங்கள் தங்கச்சியின் தாலிகட்டைப் பார்த்தார்களாம்.

அக்காவின் தகப்பனாருக்கு முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் நடந்தது. இந்தமுறை நான் ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விட்டேன். லப்டொப்பில் இருந்து டி.வி.ஐ.க்கு அடப்ரர், சத்தத்துக்கு லப்டொப்பின் காதுத் துவாரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். மொத்தம் செலவு ஸ்பீக்கருக்கு மட்டும். ஐயர் மந்திரம் சொல்வதும் பின்னால் கடல் இரைவதும் கேட்டன. அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தா.

"தம்பி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டும்" என்றா.