லீவு எல்லாருக்கும்தான்

கேரளத்தில் மார்ச் கடைசியில் பூட்டுகிற பள்ளிக்கூடம் ஜூன் பிறந்தால்தான் திறக்கும். முழுசாக இரண்டு மாதம். அதற்கு முன்பே திருவனந்தபுரத்துச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்: நீச்சல், கராத்தே, செஸ், அபாக்கஸ், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி. ஜவஹர் பாலபவனிலும் கோடை வகுப்பு தொடங்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டால் பிள்ளைக்கு யூனிஃபார்ம் மட்டும்தான் இல்லை. ஓட்டம் அதே ஓட்டம்.

விடுமுறையில் பள்ளிகள் வகுப்பு நடத்தக் கூடாது என்ற அரசு உத்தரவு பற்றி 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அதில் நீதிபதி எழுதியதன் சாரம் இதுதான்: பிள்ளைகள் ஆடட்டும், பாடட்டும், மறுநாள் வீட்டுப்பாடம் என்ற பயமில்லாமல் பிடித்ததை நிதானமாகச் சாப்பிடட்டும், டிவி பார்க்கட்டும், சொந்தக்காரர்களோடு ஊர் போய் வரட்டும். செய்தித்தாளில் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. நிதானமாகச் சாப்பிடட்டும், சரி. அதைச் சமைப்பது யார்?

எங்கள் வீடு கரமனையில். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. நாகர்கோவிலிலிருந்து வந்து அத்தை எங்களோடு இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஆச்சி. ஏப்ரல், மே என்றால் பிள்ளைகளுக்கு விடுமுறை. எனக்கும் அத்தைக்கும் காலையில் டிபனோடு முடிகிற வேலை மத்தியானச் சாப்பாடு, நாலு மணிப் பலகாரம் என்று நீளும் காலம். அதனால் குடும்பத்தின் கோடைக்காலத்தைத் திட்டமிட உட்கார்ந்தால் அதில் பிள்ளைகள் மட்டும் இருந்தால் போதாது என்பது என் கட்சி.

நாங்கள் செய்வது எளிய ஏற்பாடு. பரீட்சை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் உட்காருவோம். இந்த இரண்டு மாதத்தில் கட்டாயம் நடக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று. அதை மற்ற நாலு பேரும் சேர்ந்து நடத்திக் கொடுக்க வேண்டும். பட்டியல் ஐந்து வரிக்கு மேல் போகாது. மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கட்டும். அந்தச் சும்மா நாட்களில்தான் பிள்ளைகள் பக்கத்து வீட்டுத் திண்ணையைக் கண்டுபிடிக்கிறார்கள், அட்டைப்பெட்டியில் கப்பல் செய்கிறார்கள், சண்டை போட்டுத் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள்.

அத்தையிடம் கேட்டபோது, “எனக்கு என்ன மக்கா ஆசை இருக்கு, நீங்கல்லாம் நல்லா இருந்தாப் போதும்” என்றார். விடவில்லை. மகள்தான் மடியில் படுத்துக்கொண்டு, “சும்மா சொல்லுங்க ஆச்சி” என்று நச்சரித்தாள். கொஞ்சம் பொறுத்து, “ஆராட்டு ஒருக்கக் கண் நிறையப் பாக்கணும்” என்றார்.

பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழா மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் பெரிய உருவங்கள் நிற்பதைப் பார்த்தாலே விழா தொடங்கிவிட்டது என்று தெரியும். மழைக்காக இந்திரனைக் குளிரவைக்கும் வழக்கம் அது என்பார்கள். கடைசி நாள் ஆராட்டு. பத்மநாபரும் நரசிம்மரும் கிருஷ்ணரும் கருட வாகனத்தில் எழுந்தருளி மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்கு நீராடப் போவார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் உருவிய வாளோடு முன்னால் நடப்பார். போகிற வழியில்தான் விமான நிலையம். 1932இல் விமான நிலையம் வந்தபோதும் ஊர்வலத்தின் பாதை மாறவில்லை. இன்றைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனிக்கும் ஐப்பசிக்கும், ஆராட்டு நாளில் மாலை சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைத்து ஓடுபாதையைச் சாமிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். யானை நடந்து போன அதே ஓடுபாதையில் இரவு துபாய் விமானம் இறங்கும்.

வயதானவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது லேசான காரியமில்லை. மூட்டுவலி, தாகம், நிற்க இடம். அதனால் வள்ளக்கடவுப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு கடைக்காரரிடம் முன்பே சொல்லி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். சின்னவனுக்கு ஒரே வேலை, தண்ணீர் பாட்டில். மகளுக்கு ஒரே வேலை, ஆச்சியின் கையை விடாமல் இருப்பது. ஊர்வலம் நெருங்கும்போது சத்தம் மெல்ல அடங்கியது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவர் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஆராட்டைப் பற்றி அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளிடம் சொன்னார். அந்தக் கதை எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. எவ்வளவு பெரிய சுற்றுலா போயிருந்தாலும் எங்களுக்கு அது கிடைத்திருக்காது.

கணவரின் ஆசை வருஷா வருஷம் ஒன்றுதான்: நாகர்கோவில் பக்கத்துச் சொந்த ஊர். இதில் எல்லைப்புறக் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஒரே நிர்வாகத்தில் இருந்தன. இப்போது இரண்டு மாநிலம், இரண்டு பள்ளி நாட்காட்டி. நம் பிள்ளைகள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வீட்டில் இருப்பார்கள். அங்கே அவர்களுடைய அத்தை பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் நிம்மதியாகச் சேர்ந்திருக்கக் கிடைப்பது மே மாதம் மட்டும். இது தெரியாதவர்கள் மே மாதத்தை வகுப்புக்குக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் ஊருக்குப் போய், விளையாட ஆளில்லாமல் பிள்ளைகளை மொபைலோடு உட்காரவைத்துவிடுவார்கள். நாங்கள் மே மாதத்தில் ஒரு வாரத்தை முதலில் குறித்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்போம்.

ஊருக்குப் போகத் தம்பானூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால் நேமம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று வயலும் தோப்புமாகப் போகும் இந்த ரயில் பாதை 1979இல்தான் வந்தது. பாறசாலை தாண்டினால் ஸ்டேஷன் பலகையில் தமிழ் வரும். சின்னவன் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கப் பழகியது அந்தப் பலகைகளில்தான். பள்ளியில் அவனுக்குப் பாடம் மலையாளமும் ஆங்கிலமும்.

ஊரில் மே மாதம் என்றால் சக்கை, அதாவது பலா. பலாவைக் கேரளம் 2018இல் மாநிலப் பழமாக அறிவித்தது. எங்களுக்கு அது எப்போதுமே வீட்டுப் பழம். வருக்கைச் சக்கை என்றால் சுளை கடித்துத் தின்னலாம், கூழன் என்றால் வாயில் போட்டதும் வழுக்கிப் போகும். முற்றத்தில் பழைய செய்தித்தாளும் சாக்கும் விரித்து, பெரியவர்கள் கத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு கத்தி நகராது. பிள்ளைகளும் கையில் முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். பெரியவன் நடுத்தண்டை வெட்டி எடுப்பான், அடுத்தவர் சுளை பிரிப்பார், சின்னவர்கள் கொட்டை எடுப்பார்கள். கொட்டை தனியாகக் காயும், மறுநாள் குழம்புக்கு. மிஞ்சின சுளை வெல்லத்தோடு உருளியில் ஏறும். சக்கவரட்டி கிளறுவது ஒரு மத்தியானம் முழுக்க வேலை; கரண்டியை மாற்றி மாற்றி ஆண்களும் பிடிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் குடும்பச் சட்டம்.

மகள் கேட்டது நூலகம். பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம் 1829இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அவளுக்கு அங்கே யாரும் அவசரப்படுத்தாமல் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். கொடுத்தோம்.

சின்னவனுக்குக் கடல். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றோ மழையோ இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் கரையேறும். 2024 மார்ச் 31 அன்று பூந்துறை உட்படப் பல இடங்களில் தண்ணீர் வீடுகள் வரை வந்தது. இப்போது எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் சங்குமுகத்துக்குப் போவதில்லை. பிள்ளை அழுதாலும் போவதில்லை.

வெயிலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் நிற்கும் தொழிலாளர்களுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. கட்டட வேலைக்காரருக்கே ஆகாத வெயிலில் பிள்ளையை கிரிக்கெட் கோச்சிங்குக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. பகலில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் நேப்பியர் அருங்காட்சியகம் நல்ல இடம். சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டிய சிஷம் வடிவமைத்து 1880இல் முடித்த கட்டடம். காற்று தானாக உள்ளே ஓடும்படி அமைத்திருக்கிறார். திங்கள்கிழமை விடுமுறை.

என் வரிக்கு வருகிறேன். நான் கேட்டது வாரத்தில் இரண்டு மாலை, நாலு மணிக்குமேல் அடுப்படிப் பக்கம் நானும் அத்தையும் வரமாட்டோம் என்பது. ஹோட்டல் பார்சல் கூடாது, அவர்களே செய்ய வேண்டும். முதலில் முகம் சுளித்தார்கள். கணவருக்குக் கஞ்சியும் பயறும் தெரியும். மகள் தோசை வார்க்கப் பழகினாள். சின்னவன் அப்பளம் எண்ணி எடுத்துக் கொடுப்பான், தட்டுக் கழுவுவான். அந்த மாலைகளில் நாங்கள் இருவரும் கரமனை ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வருவோம். மாமியாரும் மருமகளும் சமையலைப் பற்றிப் பேசாமல் நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோடை விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன என்று கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். மழையில் பள்ளிக்கு லீவு விடுவதும் வெயிலில் பிள்ளைகள் வாடுவதும் அதற்குக் காரணம். மாற்றினால் எங்களைப் போன்ற எல்லைப்புற வீடுகளுக்கு அந்த ஒரு மே மாதமும் கைவிட்டுப் போகும், யோசித்துச் செய்யட்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. எதையும் மே கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். அது குடையும் பையும் நோட்டும் வாங்கும் வாரம். சாலைக் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. இடவப்பாதி மழை ஜூன் முதல் தேதிதானே வரும் என்று நம்பியும் இருக்க முடியாது. 2025இல் மே 24ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது.