நெடுந்தூர ஓட்டமும் முதலாண்டு மாணவனும்

கள்ளக்குறிச்சியினின்று யான் இக்கல்லூரி புகுந்த நாளில், என்னைக் கண்டோர் பலரும், "மலைப்பக்கத்துப் பிள்ளையாயிற்றே! உனக்கு ஓட்டம் கற்பிக்கவும் வேண்டுமோ?" என்றனர். யானும் அதனை மெய்யென்றே நம்பினேன். கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் இளமைதொட்டு ஓடிப் பழகியவன் அன்றோ?

அவர் கூற்றில் பாதியே உண்மை. மிகவுயர்ந்த இடங்களில் காற்றின் அழுத்தம் குறைதலின், உடலுக்குப் பிராணவாயு குறைந்தே கிட்டும். அக்குறையை ஈடுசெய்வான் வேண்டி உடல் செங்குருதி அணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். ஆயின் இப்பயன் ஏறத்தாழ 6500 அடிக்கு மேற்பட்ட உயரத்திலேதான் தெளிவுறத் தோன்றும். உதகமண்டலம் 7300 அடிக்கு மேற்பட்டது. நம் கல்வராயன் மலையோ பெரும்பாலும் 2000 அடி முதல் 3000 அடி வரையே நிற்பது. அது எனக்குத் தந்தது கெண்டைக்கால் வலிமையும் சரிவுக்கு அஞ்சாமையுமே, வேறன்று.

நிற்க. பள்ளியில் 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடினேன். கல்லூரியிலோ 5000, 10000 மீட்டர்கள். பின்னது ஓட்டக்களத்தை இருபத்தைந்து முறை சுற்றுவதாகும். வாரத்திற்கு மூன்று நாளாயிருந்த பயிற்சி ஆறு நாளாயிற்று. அணியில் இடம் கிட்டாவிடில் விடுதிக் கட்டணச் சலுகையும் இல்லையாம். ஆதலின், மெல்ல ஓடுக என்ற நாளிலும் மூத்தோரை முந்தவே முயன்றேன். நான்கு வாரம் நன்றாகவே கழிந்தது. ஆறாம் வாரத்தில் முழந்தாளுக்குக் கீழே, முன்னெலும்பின் ஓரமெங்கும் வலி கண்டது. விடுதிப் படியிறங்குதலும் அரிதாயிற்று.

இதன் காரணம் அறியத்தக்கது. இருதயமும் குருதியும் சில வாரங்களிலேயே புதிய உழைப்பிற்கு இசைந்துவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வாறல்ல. அவற்றிற்குப் பல மாதங்கள் வேண்டும். உழைப்பு மிகுங்கால் உடல் எலும்பின் பழுதுற்ற பகுதியை முதலில் அரித்தகற்றி, பின்னரே புதியதை இட்டு நிரப்புகிறது. வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவார்க்கு இடைப்பட்ட நாளில் சுவரில்லாமை போல, அவ்விடைக்காலத்தில் எலும்பு வலியிழந்து நிற்கும். மூச்சு "இன்னும் ஓடலாம்" என்னும். எலும்போ வலி வந்த பின்னரே வாய் திறக்கும்.

இரண்டு வாரம் ஓடாதிருந்தேன். அந்நாளில் மூத்த மாணவரொருவர், "தம்பி, பேசிக்கொண்டே ஓட இயலாவிடில் அது மெல்லோட்டம் அன்று" என்றார். அவ்வொரு சொல்லே எனக்கு அளவுகோலாயிற்று. கடும்பயிற்சி வாரத்திற்கு இருமுறை. ஏனைய நாளெல்லாம் மெல்லோட்டம், அதுவும் தார்ச்சாலையை விட்டு மண்தரையில். நான்காம் வாரந்தோறும் தூரத்தைக் குறைத்தல். உணவிலும் ஒன்று கண்டேன். சோறுண்டவுடன் தேநீர் பருகும் வழக்கம் எனக்குண்டு. அஃது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாது தடுக்கும். நெடுந்தூரம் ஓடுவார்க்கு இரும்புக் குறைவு பெருங்கேடு. தேநீரை மாலைக்குத் தள்ளினேன். கேழ்வரகுக் கூழை விடுதியில் தேடியும் காணேன்!

விரைந்து பயன் காணத் துடிப்பார்க்குப் புதுக்கோட்டைச் சீமையின் ஜி. லட்சுமணன் நல்ல எடுத்துக்காட்டு. 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நிகழ்ந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் பொற்பதக்கம் வென்றபோது அவர்க்கு வயது 27. எனக்கோ இன்னும் எட்டாண்டு உண்டு.

சென்ற விடுமுறையில் கோமுகி அணைச் சாலையில் காலையில் மெல்ல ஓடினேன். கரும்பேற்றி வந்த டிராக்டரின் ஓட்டுநர் அருகே வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, கல்லூரிக்குப் போய் ஓட்டத்தையே மறந்துவிட்டாயா?" என்றார். ஓடிக்கொண்டே அவர்க்கு முழு விடையும் கூறினேன், மூச்சு வாங்கவில்லை.