பொன்னும் தூதும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே தூதுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, தூதனுக்கு வேண்டிய தகைமைகளை நிரலே கூறினார். நற்குடிப் பிறப்பைக்கூட அவற்றுள் ஒன்றாகச் சேர்த்த அவர், செல்வத்தைச் சேர்த்தாரல்லர். அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையிடம் புலமையன்றி வேறு பொருள் இருந்ததாக நாம் அறியோம். ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலே செல்வரைத் தேடித் தூதுவராக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது.

இதற்கு இரு காரணங்கள் உண்டு. இலண்டன், பாரிஸ் முதலான தலைநகரங்களில் தூதரகம் நடத்துவதற்கும் விருந்தோம்புவதற்கும் ஆகும் செலவுக்கு அரசாங்கச் சம்பளம் போதாதிருந்தமையால், கைப்பொருள் உடையவரே அப்பதவிகளை ஏற்கக்கூடியவராயினர். இது வெளியே சொல்லப்படும் காரணம். தேர்தற் காலத்தில் கட்சிக்குப் பொருள் வழங்கியவருக்குக் கைம்மாறு செய்ய வேண்டியிருந்தமை மற்றையது. 1932 இல் இலண்டனுக்குச் சென்ற அன்ட்ரூ மெலன், 1953 இல் அதே நகருக்குச் சென்ற வின்த்ரொப் ஓல்ட்றிச், அவ்வாண்டிலேயே பாரிசுக்குச் சென்ற டக்ளஸ் டிலன் ஆகிய மூவரும் பெரும் வங்கியாளர்கள். அன்னோர் நிதித்துறையில் வல்லுநர். சென்ற நாடுகளும் அவர்கள் முன்பே பழகிய நாடுகள். ஆதலால் அந்நியமனங்களால் நகைப்பு விளையவில்லை. நகைப்பு விளைந்தது இலங்கையை முன்னிட்டே.

1957 ஆம் ஆண்டு ஜனாதிபதி ஐசன்ஹோவர், மாக்ஸ்வெல் குளக் என்பவரை இலங்கைக்குத் தூதுவராகப் பிரேரித்தார். குளக் வங்கியாளரல்லர், வணிகர். பெண்களுக்கான ஆடைகளை விற்கும் டார்லிங் ஸ்டோர்ஸ் என்னும் கடைத்தொடரின் தலைவர். கென்டக்கி மாநிலத்தில் எல்மென்டோர்வ் என்னும் புகழ்பெற்ற குதிரைப் பண்ணைக்கும் உரிமையாளர். அமெரிக்க முறைப்படி, தூதுவராகப் பிரேரிக்கப்படுபவர் செனற்சபையின் வெளிநாட்டுறவுக் குழுவின் முன் தோன்றி வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் குளக்கை வினாவியவர் ஆர்க்கன்சோ மாநிலத்தவரான செனற்றர் வில்லியம் புல்பிறைட்.

1956 ஆம் ஆண்டுத் தேர்தலிலே குடியரசுக் கட்சிக்கு எவ்வளவு வழங்கினீர் என்பது ஒரு வினா. உடனே நினைவில்லை எனத் தொடங்கிய குளக், இருபதினாயிரம் முப்பதினாயிரம் டொலர் இருக்கலாம் என்றார். இந்தியாவின் பிரதமர் யார் என்று கேட்டபோது, அறிவேன், ஆயினும் அப்பெயரை உச்சரிக்க இயலாது என்றார். இலங்கையின் பிரதமர் யார் என்று கேட்டபோது அப்பெயர் தமக்கு இப்போது பழக்கமில்லை என்றும், சொல்ல வரவில்லை என்றும் மறுமொழி கூறினார். அங்கே போய் எப்பிரச்சினைகளைக் கையாள்வீர் என்ற கேள்விக்கு, அந்நாட்டு மக்களே ஒரு பிரச்சினை என்று தொடங்கிப் பின் அதைத் திருத்தி, நல்லுறவை வளர்க்கலாம் என நம்புவதாக முடித்தார். இத்தனைக்கும் பின்னர் செனற்சபை அவருடைய நியமனத்தை அங்கீகரித்தது!

பண்டாரநாயக்கா என்னும் பெயர் அந்நிய நாவுக்குச் சற்று நீளமானதே என்று விட்டுவிடலாம். நேரு என்பது இரண்டே எழுத்து. அக்காலத்தில் உலகத்துப் பத்திரிகைகளில் அப்பெயர் வாராத நாள் அரிது.

இவ்விடயத்தை வெறும் வேடிக்கைக் கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அப்போது நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1952 இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டமையால் அமெரிக்காவுடன் மனக்கசப்பு உண்டாகியிருந்தது. 1956 இல் ஆட்சி மாறியது. 1957 இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தன. சோவியத்து நாட்டுடனும் சீனத்துடனும் தூதுறவு ஏற்பட்டது. இத்தகைய வேளையில் ஒரு பெருநாடு தேர்ந்து அனுப்பியவர், இம்மாற்றங்களுக்கெல்லாம் காரணரான பிரதமரின் பெயரை அறியாதவர் என்றால் அதன் பொருள் என்ன?

நிந்தவூரிலுள்ளோர் இதை இன்னும் கிட்ட நின்று நோக்கலாம். நம் பகுதி வயல்கள் பட்டிப்பளை ஆற்று நீரை நம்பியிருப்பவை. அவ்வாறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரமாகியது 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினாலேயாம். அவ்வணையைக் கட்டியது மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. அமெரிக்கரின் இயந்திரங்களும் பொறியியலாளரும் நம் மேற்குக் காடுகளிற் புகுந்து இவ்வூர்களின் வேளாண்மையையே மாற்றிச் சென்ற சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்ததே குளக்கின் நியமனம். ஒரு கண்டத்துக்கு வட்டைவிதானையைத் தெரியும்போது, எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கின்றது என்பதை அறியாதவரை, அவர் போடியார் என்பதற்காக மட்டும் நம் கமக்காரர் ஏற்பாரா? தண்ணீர் பங்கிடுவதற்கே அறிவு பார்க்கும் வழக்கம் நம்முடையது.

ஐசன்ஹோவர் தம் நியமனத்தை விட்டுக்கொடுத்தாரல்லர். நன்கொடைக்காக அவரைத் தெரியவில்லை என்றும், அவர் இலங்கையை முன்னர் கண்டதில்லை என்பது தமக்குத் தெரியும் என்றும், தகுந்த மனிதராயின் கற்றுக்கொள்வார் என்றும் பத்திரிகையாளரிடம் கூறினார். இவ்விடையைத் தட்டிக்கழித்தல் எளிது, ஆயினும் நேர்மையன்று. கற்றுக்கொண்ட செல்வர் ஒருவர் அமெரிக்க வரலாற்றிலேயே இருக்கின்றார். அவர் டுவைட் மொறோ.

மொறோ 1873 இல் மேற்கு வேர்ஜீனியாவில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் அவருடன் கற்றவர் பின்னாளில் ஜனாதிபதியான கல்வின் கூலிட்ஜ். சட்டத்தொழிலில் உயர்ந்து, 1914 இல் ஜே. பி. மோர்கன் வங்கியின் பங்காளியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1927 இல் கூலிட்ஜ் அவரை மெக்சிக்கோவுக்குத் தூதுவராக்கினார். நியமனத்திலே நட்பின் சாயல் இருந்தமை மறைக்கற்பாலதன்று. மெக்சிக்கோ மக்களோ அஞ்சினர். அவர்களுடைய நாட்டுக்குக் கடன் கொடுத்தோருள் மோர்கன் வங்கியும் ஒன்று. 1914 இல் அமெரிக்கப் படை வேராக்குரூசைக் கைப்பற்றியமையும் அவர்கள் மறவாதது. முன்னே மொறோ வருவார், பின்னே படை வரும் என்று அங்கே பேசிக்கொண்டனராம்.

வந்தவர் செய்தது வேறு. மெக்சிக்கோ நகரத்திலிருந்த தூதரகத்தின் பலகையிலே ‘அமெரிக்கத் தூதரகம்’ என்றிருந்ததை ‘ஐக்கிய அமெரிக்காவின் தூதரகம்’ என மாற்றுவித்தார். மெக்சிக்கரும் அமெரிக்கக் கண்டத்தவரே யன்றோ! சிறு செயல்தான், ஆயினும் மற்றவரின் கண்ணால் தம்மை நோக்கத் தெரிந்தவரின் செயல். ஸ்பானிய மொழியில் அவர் புலமையுடையவரல்லர். எனினும் சந்தைகளில் மக்களோடு அரைகுறையாகப் பேசி மகிழ்வார். ஜனாதிபதி கையேசின் பண்ணைக்குச் சென்று காலையுணவருந்தியபடியே அரசியல் பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய அழைப்பின்பேரில் விமானி லின்ட்பேர்க் வாஷிங்டனிலிருந்து இடைநில்லாது பறந்து மெக்சிக்கோ நகரை அடைந்தபோது மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அவ்விளைஞரே பின்னர் மொறோவின் மருமகனானார்.

எண்ணெய்ப் பிணக்கே அவருக்குற்ற பெருஞ்சோதனை. நிலத்தடி வளம் யாவும் நாட்டுக்குரியது என்று 1917 ஆம் ஆண்டு மெக்சிக்க அரசியலமைப்பு விதித்தது. 1925 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் பழைய உரிமைகளுக்கு ஐம்பதாண்டு வரம்பிட்டது. கம்பனிகள் தம் அரசாங்கத்தின் அதிகாரத்தைக் கொண்டு மிரட்ட விரும்பின. மொறோ அவ்வழி செல்லவில்லை. இது மெக்சிக்கோவின் சட்டம், மெக்சிக்கோவின் நீதிமன்றமே தீர்க்கட்டும் என்னும் நிலையைக் கொண்டார். 1927 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினை யடுத்து, 1917 க்கு முற்பட்ட உரிமைகளைக் காக்குமாறு சட்டம் திருத்தப்பட்டது. கம்பனிகளுக்கு இது முழு மகிழ்ச்சி தரவில்லை. வங்கியாளராயிருந்தவர் தம் இனத்தாரின் பேராசைக்குத் துணைபோகாமை குறிப்பிடத்தக்கது.

1926 இலிருந்து அங்கே கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அரசுக்குமிடையே போர் மூண்டு, கோயில்களில் வழிபாடு நின்றுபோயிருந்தது. கத்தோலிக்கரல்லாத மொறோ இருதிறத்தாரிடையும் நின்று பேசினார். 1929 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டு வழிபாடு மீண்டது. குவெர்னவாக்கா நகரத்து அரண்மனையிலே டியேகோ றிவேராவைக் கொண்டு சுவரோவியம் தீட்டுவித்ததும் அவருடைய பொருளே. பொதுவுடைமைவாதியான அவ்வோவியர், அந்நிய வெற்றியாளரின் கொடுமைகளை அச்சுவரில் தயங்காது தீட்டினார், செலவு வங்கியாளருடையது. இதுகொண்டு மொறோவைக் குறையற்றவர் எனக் கொள்ளற்க. ஏழைக் குடியானவருக்கு நிலம் பங்கிடும் திட்டத்தை மெல்ல நிறுத்துமாறு அவர் அறிவுரை கூறினார். அவ்விடத்தில் அவருள் வாழ்ந்த வங்கியாளர் தலைதூக்கினார் என்பதே என் எண்ணம். 1930 இல் பதவி நீங்கிச் செனற்றராகி, 1931 அக்டோபரில் காலமானார்.

ஆகவே செல்வம் தூதுக்குத் தடையன்று. மொறோவுக்குத் தூதுப்பதவி ஒரு வேலையின் தொடக்கம். அதற்காக மோர்கன் வங்கியின் வருவாயைத் துறந்து வந்தார். கைம்மாறாகப் பெறும் பதவியோ பெற்ற கணத்திலேயே தன் பயனை முடித்துவிடுகின்றது. குளக் 1957 இன் பிற்பகுதியிலிருந்து 1958 அக்டோபர் வரை ஓராண்டளவே கொழும்பில் இருந்தார். அக்காலத்துக்குள் வந்தவை எளிய நிகழ்ச்சிகளல்ல. 1957 டிசம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் கிழக்கு மாகாணம் வெள்ளக்காடாயிற்று. 1958 ஜனவரியில் பிறின்ஸ்டன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து, அதன் ஹெலிகொப்டர்கள் நிவாரணப் பணியில் ஈடுபட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டு அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. இத்தகைய நாட்டை ஓராண்டிலே கற்றறிதல், முயற்சியுடையவருக்கும் அரிது.

அமெரிக்கரும் இதனை உணராதவரல்லர். 1980 ஆம் ஆண்டு வெளிநாட்டுச் சேவைச் சட்டம், தூதுவராவோர் அந்நாட்டின் மொழியையும் வரலாற்றையும் பண்பாட்டையும் இயன்றவரை அறிந்திருத்தல் வேண்டும் என்றும், கட்சிக்கு வழங்கிய நன்கொடை நியமனத்துக்கு ஏதுவாகலாகாது என்றும் விதித்தது. விதி ஏட்டில் நின்றது. 2014 இல் நோர்வேக்குப் பிரேரிக்கப்பட்ட ஹோட்டல் முதலாளி ஜோர்ஜ் சூனிஸ், மன்னராட்சி நிலவும் அந்நாட்டுக்கு ஜனாதிபதி ஒருவர் இருப்பதாக அதே செனற்குழுவின் முன் பேசினார். நோர்வே மக்கள் சினந்தனர், நியமனம் கைவிடப்பட்டது. 1957 இல் இலங்கைக்கு அவ்வளவு வலிமை இருக்கவில்லை. சூனிஸ் 2022 இல் கிரேக்க நாட்டுக்குத் தூதுவராகச் சென்றார்.

பிறரை நகைக்கும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் தகும். சாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த ரீ. பீ. ஜாயாவை 1950 இல் பாக்கிஸ்தானுக்கு உயர் ஸ்தானிகராக அனுப்பிய நாடு இது. பின்னாளிலே அரசியற் சார்பு பார்த்துப் பலரை அனுப்பியதும் இதுவே. நம் பாராளுமன்றத்திலும் உயர் பதவிகள் பற்றிய குழுவொன்று உண்டு. தூதுவராகத் தெரியப்படுவோர் அதன் முன் தோன்றுகின்றனர். ஆயின் அங்கே கேட்கப்படும் வினாக்களும் சொல்லப்படும் விடைகளும் பெரும்பாலும் பொதுமக்கள் செவிக்கு எட்டுவதில்லை.