மடத்து பீரும் மண்டைக்கு ஏறும் பீரும்

பெல்ஜியத் துறவிகள் காய்ச்சும் கறுப்பு பீர், அல்வால் ஒயின் ஷாப்பில் விற்கும் ஸ்ட்ராங் பீரை விடக் காட்டமானது. ஆனாலும் அதைக் குடிப்பவர் தள்ளாடுவது குறைவு. காரணம், கோப்பையில் மட்டும் இல்லை.

மாலை ஏழு மணி. செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் ராஜீவ் ரஹதாரியில், அல்வால் அருகே பஸ்களும் ஆட்டோக்களும் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் சிலர் சாலையோர ஒயின் ஷாப்பின் கம்பி வலைக்குள் பணத்தை நீட்டுகிறார்கள். தெலுங்கில் கேட்டாலும், உருதுவில் கேட்டாலும், தமிழில் கேட்டாலும் கோரிக்கை ஒன்றுதான்: ஸ்ட்ராங்காக வேண்டும், சில்லென்று வேண்டும். பிராண்ட் அதற்கப்புறம். ருசி எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெல்ஜியத்திலும் ஸ்ட்ராங் பீர் உண்டு. இன்னும் ஸ்ட்ராங். அதைக் காய்ச்சுகிறவர்கள் குடும்பம், சொத்து எல்லாவற்றையும் துறந்து மடத்தில் வாழும் டிராப்பிஸ்ட் கத்தோலிக்கத் துறவிகள். ரோஷ்ஃபோர் மடத்தின் '10' என்ற பீரில் ஆல்கஹால் 11.3 சதவீதம். வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்தின் '12'-ல் 10.2 சதவீதம். (இந்தப் பெயர்களில் உள்ள எண்கள் ஆல்கஹாலைக் குறிப்பவை அல்ல. காய்ச்சிய மால்ட் சாற்றின் அடர்த்தியைச் சொல்லும் பழைய பெல்ஜிய அளவு.) நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி 5-லிருந்து 8 சதவீதம் வரை இருந்தாலே 'ஸ்ட்ராங்'.

அப்படியானால் மடத்து பீர் குடிப்பவர்தானே முதலில் விழ வேண்டும்? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அல்வாலில் விற்கும் பாட்டில் 650 மில்லி. 8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. 60 மில்லி விஸ்கி இரண்டுக்குச் சமம். ரோஷ்ஃபோர் பாட்டில் 330 மில்லிதான். 11.3 சதவீதம் என்றாலும் ஆல்கஹால் சுமார் 37 மில்லிதான். முன்னது சில்லிப்பு போவதற்குள் கால் மணி நேரத்தில் காலியாகிவிடும். பின்னதை ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பார்கள். பல சமயம் இருவர் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

துறவிகளுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்? கையால் உழைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் புனித பெனடிக்ட் வகுத்த விதி. சில மடங்களில் பாலாடைக்கட்டி, சில மடங்களில் பீர். வெஸ்ட்மாலே மடத்தில் 1836-ல் காய்ச்ச ஆரம்பித்தார்கள். வெஸ்ட்ஃப்ளெட்டரனிலும் கிட்டத்தட்ட அதே காலம்தான். இன்று பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் முத்திரையோடு பீர் தருபவை ஐந்து மடங்கள்: வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்ளெட்டரன், ஷிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால். (பெயர்ப் பொருத்தத்தில் கடைசியானது அல்வாலுக்கு அக்கா முறை. ஆனால் அதன் பீர் கறுப்பு அல்ல.) 1997-ல் அமைந்த சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கத்தின் நிபந்தனைகள் கறாரானவை: மடத்தின் மதிலுக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், மடத்தின் செலவு போக மிஞ்சும் பணம் தர்ம காரியங்களுக்குப் போக வேண்டும். 'அபே பீர்' என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு. மடத்தின் பெயரை வாங்கிக்கொண்டு கம்பெனிகள் காய்ச்சுவது. அதிலும் நல்லவை உண்டு.

வெஸ்ட்ஃப்ளெட்டரன் '12'-ஐ 2005-ல் உலகின் மிகச் சிறந்த பீர் என்று ரசிகர்களின் வாக்கெடுப்பு ஒன்று அறிவித்தபோது மட வாசலில் கார்கள் வரிசை கட்டின. வேறு யாராக இருந்தாலும் உற்பத்தியைப் பத்து மடங்கு ஆக்கியிருப்பார்கள். துறவிகள் அசையவில்லை. மடம் நடக்கத்தான் பீரே தவிர, பீருக்காக மடம் இல்லை என்பது அவர்கள் கொள்கை.

இந்த பீர் காட்டமாக வளர்ந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-ல் எமில் வாண்டர்வெல்ட் என்ற சோஷலிஸ்ட் அமைச்சர் கொண்டுவந்த சட்டம் பெல்ஜியத்தின் மதுக்கடைகளில் ஜின் போன்ற சாராய வகைகளை ஊற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. தொழிலாளிகளின் கூலி ஜின்னில் கரைவதைத் தடுப்பது நோக்கம். 1983 வரை தடை நீடித்தது. ஜின் போன இடத்தைப் பிடிக்க பீர் வலுவேறியது. வெஸ்ட்மாலேயின் கறுப்பு 'டுப்பல்' இன்றைய வடிவத்துக்கு வந்தது 1926-ல். ஷிமே மடத்தின் நீல லேபிள் பீர் 1948-ல் கிறிஸ்துமஸ் விருந்துக்காகப் பிறந்தது. வலு ஏறியபோது ருசியும் கூடவே ஏறியதுதான் அங்கே நடந்த அதிசயம்.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது? நிறம் பெரும்பாலும் வறுத்த தானியத்திலிருந்து வருவதில்லை. கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது. அல்வா கிண்டுகிறவர்களுக்குத் தெரியும், பாகு ஒவ்வொரு பதத்திலும் ஒரு வாசனை தரும் என்று. பொன்னிறத்தில் டாஃபி, இன்னும் கறுத்தால் உலர்திராட்சை, அதற்கும் மேலே கருப்பட்டியின் லேசான கசப்பு. சர்க்கரை முழுக்கப் புளித்துவிடுவதால் பீர் கனக்காமல் இலகுவாக இருக்கும். மீதி வேலை ஈஸ்ட்டினுடையது. வழக்கமான லாகர் பீரைக் குளிரில் புளிக்க வைப்பார்கள். இதை வெதுவெதுப்பில் விடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் பழுத்த வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் உண்டாக்குகிறது. பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. வாசனை மட்டும் உண்டு.

ருசி பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதல் விதி, ஐஸ் போலக் குளிர்விக்கக் கூடாது. உறைகிற குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. 10-லிருந்து 14 டிகிரி போதும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தால் சரி. ஹைதராபாத்தின் மே மாதத்தில் பத்து நிமிஷமே அதிகம். இரண்டாவது, வாயகன்ற கிண்ணம் போன்ற கிளாஸ். மூன்றாவது, சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளித்திருப்பதால் அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும். கடைசி விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது வழக்கம்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கறுப்பு என்று நினைத்தது மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். குடிப்பதற்கு முன் முகர வேண்டும். பேரீச்சம்பழம், அத்தி, உலர்திராட்சை, கொஞ்சம் மசாலா. ஒரு வாய் எடுத்து நாக்கில் சற்று நிறுத்தினால் முதலில் இனிப்பு, பிறகு நெஞ்சில் ஒரு கதகதப்பு, முடிவில் வறட்சியான கசப்பு. கிளாஸ் சூடாக ஆக வாசனை மாறிக்கொண்டே போகும். முதல் வாயும் கடைசி வாயும் ஒன்றாக இருந்தால் அது சுமாரான பீர். பெல்ஜியத்தில் மாட்டிறைச்சியை இதே பீரில் மணிக்கணக்கில் வேக வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஹைதராபாத் ஹலீம் பக்கத்தில் வைத்தாலும் தோற்காது. ஷிமே நீல லேபிளில் ஆண்டு அச்சிட்டிருக்கும். சில ஆண்டுகள் இருட்டில் வைத்துத் திறப்பவர்கள் உண்டு. நம் ஸ்ட்ராங் பீருக்கோ சில மாதங்களே கெடு.

அல்வாலுக்கு பீர் புதிதல்ல. பக்கத்திலேயே திருமலகிரியும் போலாரமும் பழைய ராணுவப் பகுதிகள். செகந்திராபாத் நகரமே 1806-ல் பிரிட்டிஷ் படை முகாமாக, நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் உருவானது. இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர் என்றால் வெளிர் நிற ஐ.பி.ஏ. என்று இன்று பேசுகிறார்கள். அது அதிகாரிகளின் பானம். சாதாரணச் சிப்பாய்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பீப்பாய் பீப்பாயாக இறக்கியது போர்ட்டர் என்ற கறுப்பு பீரைத்தான். அந்தக் கறுப்பு பின்னாளில் மறைந்துபோனது. வெளிர் நிற லாகர் வந்தது, பிறகு அதிலேயே ஸ்ட்ராங்.

இங்கும் சட்டமும் விலையும்தான் நாக்கை வளர்த்தன. லைட் பீருக்கும் ஸ்ட்ராங் பீருக்கும் விலை வித்தியாசம் சொற்பம். அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு போதை கிடைக்கும்போது யார் லைட் கேட்பார்கள்? இந்தியாவில் விற்கும் பீரில் பெரும் பகுதி ஸ்ட்ராங்தான். இங்கேயும் அரிசியோ சர்க்கரையோ சேர்க்கிறார்கள். ருசிக்காக அல்ல, ஆல்கஹாலை மலிவாக ஏற்றுவதற்காக.

போதை ஒன்றே அளவுகோலானால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2025 ஜூலையில் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் கூட்டமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்களும் போயின. தெலங்கானா கள்ளில் அல்ப்ரசோலம் என்ற மனநோய் மாத்திரை மருந்தைக் கலப்பது பழைய கதை. அதே ஆண்டு செப்டம்பரில், அல்வாலை ஒட்டிய பழைய போயின்பள்ளியில், ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே அந்த மருந்து தயாராகி வந்ததைப் போலீஸார் பிடித்தனர். ஈச்ச மரத்தின் கள்ளுக்கும் தனி வாசனையும் ருசியும் உண்டு. அதை ருசித்தே குடித்து வந்திருந்தால், கலப்படத்தை நாக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியில் சில ஆண்டுகளாக மைக்ரோ ப்ரூவரிகள் பெருகியிருக்கின்றன. 'பெல்ஜியன்' என்றால் அங்கே பெரும்பாலும் இளநிறக் கோதுமை பீர். கறுப்பு அபே வகை அபூர்வம். அது பக்குவப்பட நாளாகும். தொட்டியை அத்தனை காலம் அடைத்து வைக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. இறக்குமதி பாட்டிலோ வரியில் நனைந்து, சாதாரண பீரைப் போலப் பல மடங்கு விலையில் நிற்கிறது.

ருசித்துக் குடிப்பதால் மது மருந்தாகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. ஒரு ரோஷ்ஃபோர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் போலீஸ்காரர் நீட்டும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் குடிக்கத்தான் போகிறார் என்றால், ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

அல்வால் கடையில் இரவு கூட்டம் குறைகிறது. கடைசியாக வந்தவரும் அதையேதான் கேட்கிறார்: "ஸ்ட்ராங் இருக்கா?" இருக்கிறது. எப்போதும் இருக்கும். நன்றாக இருக்குமா என்று அவர் கேட்கும் நாளில் கடைக்காரருக்கும், காய்ச்சுகிறவருக்கும், வரி போடுகிறவருக்கும் பதில் யோசிக்க வேண்டி வரும்.