பொலிஸ்காரரிடம் கார் ஓட்டப் பழகுவோம்

எமது சங்க உறுப்பினர்களின் வீடுகளில் ஏ.ஏ. அல்லது ஆர்.ஏ.சி. உறுப்பினர் அட்டை ஒன்று பெரும்பாலும் இருக்கும். கார் நடுவழியில் நின்றுவிட்டால் மஞ்சள் வானையோ செம்மஞ்சள் வானையோ அழைப்பதற்காக வருடா வருடம் பணம் கட்டுகிறோம். ஆனால் அந்த மோட்டார் கழகங்கள் அனுப்பும் செய்திகளையும் பாதுகாப்பு ஆலோசனைகளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த நாட்டின் வீதிப் பாதுகாப்பைப் பற்றி நல்ல பாடங்கள் அக்கழகங்களின் கதையிலேயே இருக்கின்றன. ஆகவே இம்முறை சுகாதாரப் பக்கத்தில் கொலஸ்ரரோலை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறுவோம். (நீரிழிவு மட்டும் எங்களை விடாது, அது பின்னால் வரும்.)

1905ஆம் ஆண்டு ஏ.ஏ. தொடங்கப்பட்டதே பொலிசாரின் பிடியிலிருந்து சாரதிகளைக் காப்பாற்றத்தான் என்றால் நம்புவீர்களா? அக்காலத்தில் பிரித்தானியாவில் காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 20 மைல். பொலிசார் மறைவில் நின்று, குறிப்பிட்ட தூரத்தைக் கார் எத்தனை செக்கனில் கடக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிடிப்பார்கள். ஏ.ஏ. தனது ஆட்களைச் சைக்கிளில் அனுப்பி, "முன்னால் பொலிஸ் நிற்கிறது, மெதுவாகப் போங்கள்" என்று சாரதிகளுக்குச் சைகை காட்ட வைத்தது. இப்படிச் சைகை காட்டுவது பொலிசாரின் கடமைக்கு இடையூறு செய்யும் குற்றம் என்று 1910இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏ.ஏ. சளைக்கவில்லை. உறுப்பினரின் காரில் கழகத்தின் சின்னத்தைக் கண்டால் சைக்கிள்காரர் சலூட் அடிப்பார். சலூட் அடிக்காவிட்டால் முன்னால் ஏதோ இருக்கிறது, காரை நிறுத்தி விசாரியுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தது. சலூட் அடிக்காததற்காக ஒருவரை எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிப்பது? எமது ஊர் மூளைக்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல!

ஆனால் அதே ஏ.ஏ.தான் ஆபத்தான இடங்களில் ஆயிரக்கணக்கான எச்சரிக்கைப் பலகைகளை நாட்டியது. வேகத்துக்காகப் பிடிபட்டவர்களைப் புள்ளிகளுக்குப் பதிலாக அனுப்பும் வகுப்புகள் இருக்கின்றன அல்லவா? (எம்மவர்களில் எத்தனை பேர் சத்தமில்லாமல் போய் வந்திருக்கிறார்கள் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.) அவ்வகுப்புகளைப் பொலிசாருக்காகப் பின்னாளில் நடத்திய நிறுவனங்களில் ஒன்று ஏ.ஏ.க்குச் சொந்தமானதாக இருந்தது. பொலிசுக்கு ஒளித்த கழகம் பொலிசின் பக்கத்தில் வந்து நின்றது.

ஹெண்டன் பள்ளிக்கூடம்

பொலிசார் மட்டும் தொடக்கத்திலிருந்தே திறமான சாரதிகளா என்றால், அதுவும் இல்லை. 1930களில் லண்டன் பொலிஸ் வாகனங்களே அளவுக்கு மீறி விபத்துக்குள்ளாகின. தலைமை அதை மூடி மறைக்காமல், ஹெண்டனில் ஒரு சாரதிப் பள்ளியைத் தொடங்கி, மோட்டார் பந்தயங்களில் ஓடிய கோட்டெனம் பிரபுவைப் பாடமுறையை வகுக்க அழைத்தது. மற்றவரைப் பிடித்துத் தண்டம் எழுதுபவர் முதலில் தாமே மாணவராக அமர்ந்தார். பொலிசாரின் முன்மாதிரி என்று நாம் மதிப்பது இதைத்தான். கொலிண்டேல் பக்கம் வசிக்கும் எம்மவர்கள் பலர் அந்த வளவைக் கடந்துதான் கடைக்குப் போகிறார்கள்.

அங்கே வளர்ந்த முறை 1955இல் 'ரோட்கிராஃப்ட்' என்ற புத்தகமாகப் பொதுமக்களுக்கும் வந்தது. இன்றும் திருத்திய பதிப்புகள் கிடைக்கின்றன. மறு வருடம், 1956இல், சாதாரண சாரதிகளும் அத்தரத்தை எட்டவேண்டும் என்று மேம்பட்ட சாரதிகள் நிறுவனம் உருவானது. இப்போது அதன் பெயர் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட்.

அவர்கள் கற்பிப்பது வேகமாக ஓட்டுவதை அல்ல, பார்ப்பதை. உனது பக்கத்தில் எவ்வளவு தூரம் வெறுமையாகத் தெரிகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடு என்பது அடிப்படை விதி. 30 மைல் வேகத்தில் நிற்பதற்கு 23 மீற்றர் வேண்டும். 70 மைலில் 96 மீற்றர் வேண்டும். காய்ந்த வீதியில், நல்ல பிரேக்குடன், விழிப்பான சாரதிக்குரிய கணக்கு இது. முன்னால் போகும் கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அக்கம்பத்தை அடைந்தால் மிக நெருங்கிப் போகிறீர்கள். மழையென்றால் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லி ஓட்டுவது. பயிற்சியின்போது பொலிஸ் சாரதி தான் காண்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "இடப்பக்கம் பஸ் நிற்கிறது, அதன் அடியில் இரண்டு கால் தெரிகிறது, யாரோ குறுக்கே வரலாம், வேகம் குறைக்கிறேன்" என்ற மாதிரி. வீட்டில் 17 வயதில் ஓட்டப் பழகும் பிள்ளை இருந்தால் இதைத் தமிழிலேயே செய்யச் சொல்லுங்கள். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் தமிழும் கொஞ்சம் திருந்தும்.

நீல விளக்கைக் கண்டால்

இங்கே ஒரு விடயத்தை மனம் திறந்து பேசவேண்டும். எம்மில் பலர் சீருடையைக் கண்டு பயந்து வளர்ந்தவர்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தவர்கள். இந்நாட்டுக்கு வந்து இருபது முப்பது வருடமாகியும், கண்ணாடியில் பொலிஸ் கார் தெரிந்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது என்று எமது சேர்ஜரியில் சொல்பவர்கள் உண்டு. பழைய அச்சத்தை உடம்பு அவ்வளவு இலகுவில் மறப்பதில்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஓட்டுவதற்கே அது தடையாக இருந்தால் உங்கள் ஜீபியிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு.

ஆனால் அந்தப் பதற்றமே விபத்தாகிவிடக் கூடாது. பின்னால் நீல விளக்குடன் வாகனம் வந்தால் திடீரென்று பிரேக் அடிக்காதீர்கள், வழிவிடுவதாக நினைத்துச் சிவப்பு விளக்கைத் தாண்டாதீர்கள். இடம் கிடைக்கும்வரை ஒழுங்காக ஓடி, பின்னர் ஒதுங்குங்கள். உங்களையே நிறுத்தச் சொன்னாலும் அப்படித்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சீருடையில் இருக்கும் பொலிசாருக்கு எந்த வாகனத்தையும் நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி உண்டு. பத்திரங்கள் கையில் இல்லையென்றால் ஏழு நாட்களுக்குள் பொலிஸ் நிலையத்தில் காட்டலாம். பொலிசார் எல்லோரும் தேவதூதர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. குறை இருந்தால் முறையிடலாம், அதற்கும் வழி உண்டு.

சேலையும் சீற் பெல்ட்டும்

2023 ஜனவரியில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக், ஓடும் காரின் பின் ஆசனத்தில் சீற் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீடியோ எடுத்தார். லங்காஷயர் பொலிசார் அவருக்குத் தண்டம் விதித்தார்கள். நாட்டின் பிரதமரையே விடாத சட்டம், கலியாண வீட்டுக்குப் போகும் எங்களை விடுமா?

கலியாண வீட்டைச் சும்மா இழுக்கவில்லை. எமது குடும்பங்களில் பெல்ட் கழலும் நேரம் அதுதான். காஞ்சிபுரம் கசங்கிவிடும் என்று அக்கா பெல்ட் போடமாட்டார். ஐந்து பேருக்கான காரில் ஏழு பேர். சின்னப்பிள்ளை அப்பம்மாவின் மடியில். "பின் சீற்தானே, பக்கத்து ஹோல்தானே" என்பார்கள். 30 மைல் வேகம் என்பது செக்கனுக்கு 13 மீற்றருக்கும் மேல். கார் மோதி நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடம்பு அதே வேகத்தில் முன்னே போகும். அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது. அப்பம்மாவும் பெல்ட் போடாவிட்டால் குழந்தை அவருக்கும் முன் ஆசனத்துக்கும் இடையில் நசியும். இது மருத்துவர்கள் கண்ட உண்மை. இதற்கு மேல் விபரிக்க விரும்பவில்லை.

பிள்ளைகளுக்கு 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை அவர்களுக்குரிய ஆசனம் வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர் பெல்ட் போடாவிட்டால் பொறுப்பு சாரதியுடையது, பெற்றோருடையது அல்ல. ஆகவே ஊரார் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மாமாமார் கவனிக்க. கர்ப்பிணித் தாய்மாரும் பெல்ட் போடத்தான் வேண்டும்: கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல், குறுக்குப்பட்டி மார்புகளுக்கு நடுவே, வயிற்றின் பக்கவாட்டால். வயிற்றின் மேலாகப் பட்டி போகக் கூடாது.

பார்ட்டியும் நித்திரையும்

சனி இரவுப் பிறந்தநாள் விழாவில் இரண்டு மணிவரை குடித்துவிட்டு, "நித்திரை கொண்டுவிட்டேன், தோடம்பழச் சாறும் குடித்துவிட்டேன்" என்று ஞாயிறு காலை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரல் ஒரு யூனிட் மதுசாரத்தை அகற்ற ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். கோப்பியோ குளியலோ அதை அவசரப்படுத்தாது. பத்து யூனிட் உள்ளே போயிருந்தால் கணக்கை நீங்களே போடுங்கள்.

நித்திரை இதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. 2001 பெப்ரவரியில் செல்பிக்கு அருகே, முந்திய இரவு நித்திரை கொள்ளாத ஒரு சாரதியின் வாகனம் எம்62 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ரயில் பாதையில் விழுந்தது. அதில் ரயில் மோதிப் பத்துப் பேர் இறந்தார்கள். அவருக்கு ஐந்து வருடச் சிறை. எமது சமூகத்தில் பெற்றோல் நிலையங்களில் இரவு முழுவதும் நின்றுவிட்டுக் காலையில் 20 மைல் ஓட்டி வீடு திரும்புபவர்கள் எத்தனை பேர்! கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் பயனில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு கப் கோப்பி குடித்து, 15 நிமிடம் கண்ணயருங்கள். போதுமான நேரம் தூங்கியும் பகலில் தூங்கி விழுகிறீர்கள், மனைவி உங்கள் குறட்டையைப் பற்றி முறையிடுகிறார் என்றால் சேர்ஜரிக்கு வாருங்கள். அது தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். தடிமனுக்குப் பிரிட்டன் போன்ற மாத்திரை எடுத்தவர்களும் அன்று சாவியை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

இனி, விடாத நீரிழிவு. இன்சுலின் போடுபவர்கள் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்கவேண்டும், மறைத்தால் 1000 பவுண் வரை தண்டம் உண்டு. ஓட்டத் தொடங்குமுன் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு தடவையும், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கொரு தடவையும் சீனியைப் பார்க்கவேண்டும். 5க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். 4க்கும் 5க்கும் இடையில் என்றால் ஏதாவது சாப்பிட்டபின். 4க்குக் கீழ் என்றால் சாவியைத் தொடாதீர்கள். சீனி வழமைக்கு வந்து 45 நிமிடம் கழியவேண்டும். கிளிக்லசைட் மாத்திரையும் சீனியை இறக்கும். விரதமிருந்து தூரக் கோயிலுக்கு ஓட்டிச் செல்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவருடன் முதலே கதையுங்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள பெரியவர்கள். 2019 ஜனவரியில் 97 வயதான இளவரசர் பிலிப் ஓட்டிய கார் சாண்ட்ரிங்கம் அருகே வேறொரு காருடன் மோதிக் கவிழ்ந்தது. மற்றக் காரில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. நல்லகாலம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் அவர் பெல்ட் இல்லாமல் ஓட்டுவது படமாக வெளிவர, நோர்ஃபோக் பொலிசார் அவருடனும் பேசினார்கள். அடுத்த மாதம் அவர் தமது அனுமதிப்பத்திரத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தார்.

70 வயதானபின் அனுமதிப்பத்திரத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 20 மீற்றரில் நிற்கும் காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடியவேண்டும் என்பது எல்லா வயதினருக்கும் உரிய சட்டம். வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட், வயதான சாரதிகளின் பக்கத்தில் இருந்து அவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் சேவை ஒன்றை நடத்துகிறது. இது பரீட்சை அல்ல, தேர்ச்சியும் தோல்வியும் கிடையாது. "அப்பா, நீங்கள் இனி ஓட்டவேண்டாம்" என்று மகன் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். பேரப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.