ரசம் பூசிய கைகள்

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர்த் திருவிழாவின்போது நம்பெருமாள் கண்ணாடி அறையில் எழுந்தருளுகிறார். அங்கு நாம் பிம்பத்தைக் காண்கிறோம். கண்ணாடியைச் செய்தவரை நினைப்பதில்லை. கண்ணாடியின் இயல்பே அதுதான் போலும்.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான, தங்க ரேக்கு ஒட்டிய சட்டகம் கொண்ட கண்ணாடிகளுக்கு இன்று ஏலங்களில் பெருவிலை. 1754-இல் அறைக்கலன் வடிவமைப்பு நூலை வெளியிட்டுப் புகழ்பெற்ற தாமஸ் சிப்பண்டேலின் பட்டறையில் செய்தது என்று உறுதியானால், விலை பன்மடங்காகும். ஆனால் அத்தகைய கண்ணாடி ஒருவர் கைவேலை அன்று. ஒருவர் மரத்தைச் செதுக்குவார். இன்னொருவர் சுண்ணப்பொடியை விலங்குப் பசையில் குழைத்துப் பல முறை பூசுவார். அதன்மேல் மென்களிமண் தடவி, ரேக்கு ஒட்டி, மெருகேற்றுபவர் வேறொருவர். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் எஞ்சவில்லை.

பெரிய விலை கொடுத்தவர் கண்ணாடியின் பின்புறம் வேலை செய்தவர். வெள்ளீயத் தகட்டில் பாதரசம் பரப்பி, அதன்மீது கண்ணாடியை அழுத்துவதே அக்கால முறை. ‘ரசம் போன கண்ணாடி’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பாதரசத்தைத்தான் சொல்கிறோம். அதன் ஆவி நரம்பைத் தாக்கிக் கைகளை நடுங்க வைத்தது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835-இல் வெள்ளி பூசும் முறையைக் கண்டறிந்தும், பாதரசம் விலகப் பல பத்தாண்டுகள் ஆயின. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நடுக்கம் எந்த விலைச்சீட்டிலும் ஏறவில்லை.

இது அயலார் கதை மட்டுமன்று. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் உருவாகும் தஞ்சாவூர் ஓவியத்திலும் இதே அடுக்குகள்தாம்: பலகை, துணி, சுண்ணப்பொடிப் பசை, கண்ணாடிக் கற்கள், தங்க ரேக்கு. இங்கும் பல கைகள் உழைக்கின்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவ்வோவியம் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அது ஊர்ப்பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். பட்டறைத் தொழிலாளியின் கூலியை நிர்ணயிக்காது. விற்பனை விலை உயர்ந்தால் கூலியும் தானாக உயரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேரம் பேசும் வலிமை உள்ளவருக்கே உயர்வின் பெரும்பங்கு சேரும்.

அந்த வலிமை பெயரிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வோர் ஓவியத்தின் பின்புறமும், வரைந்தவர், கல் பதித்தவர், ரேக்கு ஒட்டியவர் பெயர்களை எழுதலாம். பெயர் தெரிந்த தொழிலாளியை அடுத்த வாடிக்கையாளர் நேரே தேடி வர முடியும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வாங்குபவர், பணம் கொடுக்குமுன் படத்தைத் திருப்பிப் பார்த்து, ‘செய்தவர் யார்?’ என்று கேட்டால் போதும்.